டர்பனில் நீராவி ரயில் தொண்டராக: துரு சுரண்டுவதிலிருந்து விடுமுறைப் பயணம் வரை

ஒவ்வொரு விடுமுறைப் பயணமும் முடிந்து கூட்டம் இறங்கும்போது, நம் ஆட்களில் ஒருவராவது என்னிடம் வந்து, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக, "நாங்களும் இதில் சேரலாமா? விடுவார்களா?" என்று கேட்பார். சேரலாம், தாராளமாக விடுவார்கள். ஆனால் பிளாட்பாரத்தில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன்.

நான் திருச்சி பொன்மலையில் பிறந்தவன். அப்பா அங்கே ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வேலை தேடி டர்பன் வந்த பிறகு, பழைய ரயில்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு சின்னத் தொண்டர் குழுவில் சேர்ந்தேன். எல்லோரும் சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள். சனிக்கிழமைகளில் பழைய இன்ஜினையும் பெட்டிகளையும் சீர்செய்வோம், விடுமுறை நாட்களில் அதே ரயிலில் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு போவோம். டிக்கெட் பணம்தான் பாய்லருக்குப் போகிறது. பாய்லர் நன்றாக இருந்தால்தான் டிக்கெட் விற்க முடியும். இரண்டில் ஒன்று மட்டும் செய்கிறேன் என்றால் நடக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நமக்கும் இந்தத் தண்டவாளத்துக்கும் உள்ள உறவு

தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் 1860 ஜூன் 26-ல் டர்பனில் ஓடியது, மார்க்கெட் சதுக்கத்திலிருந்து துறைமுகப் பக்கம் வரை, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அதே ஆண்டு நவம்பர் 16-ல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் 'ட்ரூரோ' அதே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஐந்து மாதம்கூட இடைவெளி இல்லை. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வந்தார்கள். பெரும்பாலானோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனாலும், ஒரு பகுதியினர் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தின் அரசு ரயில்வேயில் மண் வெட்டவும் தண்டவாளம் போடவும் போனார்கள்.

ஆனால் இன்ஜின் மேல் ஏற விடவில்லை. 1924-ல் ஆட்சிக்கு வந்தவர்கள் ரயில்வேயின் சாதாரணக் கூலி வேலைகளைக்கூட வெள்ளையருக்கு ஒதுக்கத் தொடங்கினார்கள். டிரைவர் வேலையும், கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலையும் பல தலைமுறைகளுக்கு நம்மவர்களுக்கு எட்டாத இடமாகவே இருந்தது. எங்கள் குழுவில் எழுபத்தைந்து வயதுத் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா தண்டவாளம் பராமரிக்கும் லைன் கேங்கில் இருந்தவர். தாத்தா வாழ்நாள் முழுக்கச் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவர். ரயில் இன்ஜினின் ஃபயர்பாக்ஸ் (நெருப்புப் பெட்டி) கதவை முதன்முதலாகத் திறந்து அவர் கரி போட்டது, ஓய்வு பெற்ற பிறகு, தொண்டராக வந்துதான். அன்று அவர் முகத்தைப் பார்த்தவன் நான். நம் பிள்ளைகள் பயணிகளாக மட்டும் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

எங்கே போய்ச் சேர்வது

டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு உம்கேனி ஸ்டீம் ரயில்வே. க்லூஃபிலிருந்து இன்ச்சாங்கா வரை, ஆயிரம் மலைப் பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகும் பழைய மெயின் லைன் அவர்களுடைய பாதை. இக்ஸோப்போவில் பேட்டன்ஸ் கன்ட்ரி குறுகிய பாதை ரயில் இருக்கிறது, 610 மில்லிமீட்டர் அகலம்தான். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஜெர்மிஸ்டனில் ரீஃப்ஸ்டீமர்ஸ், பிரிட்டோரியாவில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த ரயில். ஓட்டம் இல்லாமல் பார்க்க மட்டும் என்றால் ஜார்ஜ் நகரில் அவுட்டெனிக்குவா போக்குவரத்து அருங்காட்சியகம். பாதை பழுது, வெள்ளம், கேபிள் திருட்டு என்று ஏதோ ஒன்றால் ஓட்டம் அடிக்கடி நின்று போகும். ஆகையால் கிளம்பும் முன் கேட்டுவிட்டுப் போங்கள். ரயில் ஓடாத மாதத்திலும் ஷெட்டில் வேலை இருக்கும், அந்த மாதத்தில் போனால் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம்.

முதல் சனிக்கிழமை

உடுப்பு முக்கியம். பருத்தி ஓவரால் மட்டும் போடுங்கள். நைலான், பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ, தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. மோதிரம், கையில் கட்டிய கயிறு, கழுத்துச் செயின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கோயில் கயிற்றை வீட்டில் விட்டுவர மனம் வராதவர்கள் அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் கையில் மட்டும் இருக்கக் கூடாது.

பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பாதுகாப்பு விளக்கம் ஒரு மணி நேரம் நடக்கும். அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். அப்புறம் கையில் ஒரு பிடி வேஸ்ட் நூலையும் ஒரு டின் மண்ணெண்ணெயையும் கொடுத்து இன்ஜின் சக்கரத்தைத் துடைக்கச் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். துடைக்கும் கைக்குத்தான் விரிசல் தெரியும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான கன்னெக்டிங் ராடில் படிந்த கருப்பு எண்ணெயை வழித்தெடுக்கும்போது ஒரு மயிரிழைக் கோடு மட்டும் திரும்பத் திரும்ப ஈரமாகக் கசிந்தால், துடைப்பதை நிறுத்திவிட்டுப் பொறுப்பான ஆளைக் கூப்பிட வேண்டும். இரும்பின் எந்த இடம் சூடாகும், எந்த போல்ட் தளரும், எண்ணெய் எங்கே போகிறது என்பதெல்லாம் ஆறு மாதத் துடைப்பில் உடம்பில் ஏறிவிடும். அதற்கு முன் இன்ஜின் மேடையில் ஏற வேண்டும் என்று கேட்பது அவசரம்.

பழைய பெட்டியைச் சீர்செய்வது

இன்ஜினைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். என்னைக் கேட்டால், புதியவருக்குச் சரியான பள்ளிக்கூடம் மரப்பெட்டிதான். பெட்டி இல்லாமல் பயணம் இல்லை, பெட்டி வேலைக்கு ஆட்களும் எப்போதும் பற்றாக்குறை.

முதலில் எதையும் கழற்றாதீர்கள். பெட்டியின் நான்கு பக்கமும், உள்ளேயும், ஒவ்வொரு கதவையும் படம் எடுங்கள். பிறகு சட்டம் தட்டிப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் அடிக்கும்போது நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்த மரம் மொத்தென்று சொல்லும். ஜன்னலுக்குக் கீழே, கதவு வாசலின் அடியில், கூரை ஓரத்தில், இந்த மூன்று இடத்திலும்தான் தண்ணீர் இறங்கிப் பல பெட்டிகள் கெட்டிருக்கும். கூரையைச் சரிசெய்யாமல் உள்ளே பாலிஷ் போட்டால் அடுத்த மழையில் எல்லாம் போச்சு. ஆக, கூரை, பிறகு அடிச்சட்டம், பிறகு பக்கச்சுவர், கடைசியில்தான் உள் அழகு.

ஒரு எச்சரிக்கை. பழைய பாய்லர் உறையிலும், பெட்டியின் சுவர் நடுவிலும், பிரேக் கட்டைகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். வெள்ளையாக, நார் நாராக ஏதாவது தெரிந்தால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், பெருக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனம் வந்துதான் அதை எடுக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கும். ஆகவே உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகத் தேய்க்க வேண்டும், முகமூடி போட்டுக்கொண்டு. வேலை முடிந்து கை கழுவாமல் சமோசாவை எடுக்கக் கூடாது.

அந்தப் பெயின்ட் சுரண்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு ஜன்னல் சட்டத்தை மேசையில் கிடத்தி, சுரண்டியை முப்பது டிகிரி சாய்வில் வைத்து மெதுவாக இழுத்தால் முதலில் மங்கிய சிவப்பு வரும். 1960-க்குப் பிறகு தென்னாப்பிரிக்க ரயில்வே பயணிகள் பெட்டிகளுக்குப் பூசிய சிவப்பு அது, கூடவே சாம்பல் நிறமும் உண்டு. இன்னும் ஒரு படலம் இறங்கினால் அதற்கு முந்தைய காலத்துக் கரும்பழுப்பு. அதற்கும் கீழே ப்ரைமர், அப்புறம் மரம். ஒரு விரல் அகலத்தில் எல்லாப் படலமும் படிக்கட்டு மாதிரி தெரியும்படி ஒரு துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். எந்த நிறத்துக்குத் திரும்புவது என்று முடிவுசெய்ய அது வேண்டும். பழைய பெட்டிகள் சிலவற்றின் கண்ணாடியில் ஸ்பிரிங்பாக் மான் தலை பொறித்திருக்கும். அந்தக் கண்ணாடி உடைந்தால் மாற்று கிடைப்பது மிகக் கடினம். சட்டத்தைச் சுரண்டும் முன்பே அதைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி வையுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு திருகையும் ஒரு பழைய டப்பாவில் போட்டு, எந்தப் பெட்டி, எந்தப் பக்கம், எத்தனையாவது ஜன்னல் என்று எழுதி ஒட்டுங்கள். இதை நான் என் முதல் வருடத்தில் செய்யவில்லை. நாற்பது பித்தளைத் திருகுகளை ஒரே வாளியில் கொட்டினேன். நீளம் ஒன்றுபோலத் தெரிந்தவற்றில் சில கால் அங்குலம் அதிகம். திரும்பப் பூட்டும்போது ஒன்று மரத்தைத் தாண்டி உள்பக்கப் பலகையைக் கிழித்தது. அந்தப் பலகையை ஒட்டிச் சேர்க்க மூன்று சனிக்கிழமை போயிற்று.

இன்னொன்று, ஸ்பானர். கிளாஸ்கோவில் செய்த இன்ஜின்களில் விட்வொர்த் மரை, அதாவது அங்குலக் கணக்கிலான பழைய பிரிட்டிஷ் மரை. நம் வீட்டு மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்துவதுபோல் இருக்கும், அழுத்தினால் நட்டின் மூலையை வழித்துவிடும். ஷெட்டில் அதற்கெனத் தனி ஸ்பானர் வரிசை இருக்கும். அதை மட்டுமே எடுங்கள், எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

பாய்லர் வேலையைத் தொண்டர்கள் செய்யலாம், ஆனால் தீர்ப்பு தொண்டர்களுடையது அல்ல. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளர் வந்து உள்ளேயும் வெளியேயும் பார்ப்பார். பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிச் சோதிப்பார். காற்றாலும் நீராவியாலும் அப்படிச் சோதிக்க மாட்டார்கள். தண்ணீர் சுருங்காது, எங்காவது விட்டுப்போனால் வெடிக்காமல் பீறிடுவதோடு நின்றுவிடும்.

பயண நாளைத் தேர்ந்தெடுப்பது

ஈஸ்டர், ஜூலைப் பள்ளி விடுமுறை, செப்டம்பர் 24 பாரம்பரிய நாள், டிசம்பர். இவைதான் கூட்டம் வரும் நாட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஈஸ்டரில் பெரிய வெள்ளியன்று, 'இசிபிங்கோ ரயில்' என்ற ஊரின் மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். நம் தொண்டர்களில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள், வரவேண்டிய பயணிகளும் அங்கேதான். அன்று ரயில் வைக்காதீர்கள், திங்கட்கிழமை வையுங்கள்.

பாரம்பரிய நாளை இங்கே ப்ராய் நாள் என்றே சொல்வார்கள், நாடு முழுக்க அடுப்பில் இறைச்சிதான். ஆனால் அது நமக்குப் புரட்டாசி. டர்பன் தமிழ்க் குடும்பங்களில் பலர் மாதம் முழுக்க விரதம். இறங்குமிடத்தில் சாப்பாட்டுக் கடை போடுகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி, தனிப் பாத்திரத்தில் சைவப் பிரியாணி, பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு நிரப்பியது) வைக்கச் சொல்லுங்கள். ஒரே கரண்டியைப் போட்டுக் கலக்கினால் ஆயாக்கள் பசியோடுதான் திரும்புவார்கள்.

ஜூலை இந்தப் பக்கம் வறண்ட குளிர்காலம். தண்டவாள ஓரப் புல் காய்ந்து கிடக்கும், சிம்னியிலிருந்து ஒரு கங்கு விழுந்தால் போதும். சிம்னிக்குக் கீழே புகை சேரும் ஸ்மோக்பாக்ஸில் பொறி தடுக்கும் வலை ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும். ரயிலுக்குப் பின்னால் பத்து நிமிடத்தில் தண்ணீர்த் தொட்டியோடு ஒரு பக்கி, அதாவது சின்ன பிக்கப் வண்டி, வர வேண்டும். காற்று பலமாக அடித்து, தீ அபாய எச்சரிக்கை வந்துவிட்டால் நீராவியைக் கைவிட்டு டீசல் இன்ஜினைப் பூட்டுங்கள். பயணிகள் முகம் சுளிப்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரரின் கரும்பு எரிவதைவிட அது மேல்.

தேதி முடிவானதும், பல மாதம் முன்பே பாதை உரிமையாளரிடம் நேரம் கேட்டு எழுத வேண்டும். ரயில் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி நடப்பில் இருக்க வேண்டும். அது 2002-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அமைப்பு, தொண்டர் ரயிலுக்கும் அதில் விலக்கில்லை. காப்பீடு, கரி, தண்ணீர் லாரி, பாதைக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, பெட்டிகளில் முக்கால் பங்கு நிறைந்தாலே செலவு தேறும்படி டிக்கெட் விலை வையுங்கள். முழுக்க நிறைந்தால்தான் தேறும் என்று கணக்குப் போட்டால் ஒரு மழை நாளில் குழு கடனாளியாகும்.

நம் குடும்பங்கள் பதினான்கு பேராகத்தான் வருவார்கள். தனித்தனியாக இருக்கை கொடுத்தால் பிளாட்பாரத்திலேயே சண்டை. பதிவு செய்யும்போதே எத்தனை பேர், முதியவர்கள் யார், சக்கர நாற்காலி உண்டா என்று கேட்டு ஒரே பெட்டியில் போடுங்கள்.

நீராவி ஏற்றுவது

குளிர்ந்து கிடக்கும் பெரிய இன்ஜினை அவசரமாகச் சூடாக்கக் கூடாது. முதல் நாள் மதியமே ஆரம்பிக்க வேண்டும். உள்ளே தட்டு, குழாய், தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே போல்ட் எல்லாம் ஒவ்வொரு வேகத்தில் விரியும். ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்திருந்தால் குழாய் முனைகள் கசியத் தொடங்கும்.

நெருப்புப் பெட்டிக்குள் பார்த்து, சாம்பல் தட்டைக் காலிசெய்து, ஸ்மோக்பாக்ஸ் கதவைக் காற்றுப் புகாமல் பூட்டிய பிறகுதான் விறகு. அதற்கும் முன்னால் தண்ணீர். கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியாமல் தீக்குச்சி கிழிக்கவே கூடாது.

இதைத் தாத்தா எனக்குக் காட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கேஜ் கிளாஸ் ஒரு தடித்த கண்ணாடிக் குழாய். அதற்குப் பின்னால் கருப்பு வெள்ளையில் சாய்ந்த கோடுகள் போட்ட தகடு இருக்கும். "தம்பி, கோட்டைப் பார், தண்ணியைப் பார்க்காதே" என்றார். வெறும் குழாய்க்குப் பின்னால் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்து தெரியும். தண்ணீர் இருக்கும் உயரம் வரை அதே கோடுகள் இடப்பக்கம் சாய்ந்து தெரியும், தண்ணீர் ஒளியை வளைப்பதால். சுத்தமான தண்ணீரும் வெறும் காற்றும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சாய்வு மாறும் இடம்தான் தண்ணீர் மட்டம். முழுக் குழாயிலும் கோடு ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் குழாய் நிறைந்திருக்கிறதா, காலியா என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும். பிறகு அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டு, மூடியதும் மட்டம் துள்ளி மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். சோம்பலாக ஏறினால் வழி அடைத்திருக்கிறது. இரண்டு கிளாஸையும் இப்படிச் சோதிக்க வேண்டும்.

தண்ணீர் குறைந்து ஃபயர்பாக்ஸின் மேல் தகடு வெளியே தெரிந்துவிட்டால் அது சில நிமிடங்களில் சிவந்து, மெலிந்து, அழுத்தத்தில் கீழே இறங்கிவிடும். உருகும் ஈயச் செருகு அந்த நேரத்தில் உருகி நீராவியைத் தீ மேல் விட்டு எச்சரிக்கும். அது கடைசிக் காவல். அதை நம்பி வேலை செய்யக் கூடாது.

விறகு நன்றாகப் பிடித்த பிறகு கரி, கொஞ்சம் கொஞ்சமாக. இரவு முழுக்க இரண்டு பேர் மாறி மாறி இருப்பார்கள். விடிகாலை மூன்று மணிக்கு அழுத்தமானியின் முள் அசைய ஆரம்பிக்கும்போது ஷெட் முழுக்க வெந்த எண்ணெயும் ஈர இரும்பும் கலந்த ஒரு வாசனை வரும். பொன்மலையில் அப்பா சட்டையில் வந்த வாசனை அது. அந்த நேரத்தில் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணெய்க் கிண்ணத்துக்கும் போங்கள். உள்ளே கம்பளி நூல் திரி இருக்கும், திரி வழியாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கும். திரி கருகியிருந்தால் மாற்றுங்கள். தக்கைகளைத் திரும்ப அழுத்தி மூடியதை எண்ணிக்கொள்ளுங்கள்.

பாய்லருக்குள் தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டர் இரண்டும் தண்ணீர் ஏற்றுகிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஏற்றாமல் கீழே நீராவியாகக் கக்கினால் பெரும்பாலும் இன்ஜெக்டர் சூடேறியிருக்கும். ஈரத்துணி போட்டுக் குளிரவைத்துத் திரும்ப முயலுங்கள். இரண்டில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் பயணம் கிடையாது.

ஓடும் ரயிலில்

தென்னாப்பிரிக்கப் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர், நம் ஊட்டி ரயிலைவிட 67 மில்லிமீட்டர்தான் கூடுதல். நேட்டால் பழைய லைனில் முப்பதுக்கு ஒன்று (முப்பது அடி போனால் ஓர் அடி உயரம்) என்ற ஏற்றங்கள் உண்டு, ஊட்டியில் இருப்பதுபோல் பல் சக்கரம் கிடையாது. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும், மணல் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றத்தில் கரியைப் பரப்பிப் போடுங்கள், ஒரு முறைக்கு நான்கு ஐந்து அள்ளு போதும். சிம்னியில் லேசான சாம்பல் நிறப் புகை இருந்தால் தீ சரி. கருகருவென்று வந்தால் போட்டோக்காரர்கள் கைதட்டுவார்கள், கரி வீணாகிறது.

பெட்டிகளில் ஆளுக்கொரு பெட்டி வீதம் தொண்டர் நிற்க வேண்டும். ஏறும்போது தலை எண்ணுங்கள், இன்ச்சாங்கா மாதிரி இறங்கிச் சுற்றும் இடத்திலிருந்து திரும்ப ஏறும்போது மறுபடி எண்ணுங்கள். சின்ன ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் தாழ்வாக இருக்கும், ஒரு மரப்படிக்கட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டும் பிள்ளைகளுக்குக் கண்ணில் கரித்துகள் விழும். முதலுதவிப் பெட்டியில் கண் கழுவும் உப்புநீர் அதிகமாகவே வையுங்கள். வெள்ளைச் சட்டை, பட்டுப்புடவை வேண்டாம் என்று டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

பயணிகள் போனதும் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். தீயை மெல்ல இறங்கவிட்டு, பாய்லரை கேஜ் கிளாஸின் மேல் பகுதி வரை நிரப்பி வைக்க வேண்டும், குளிரும்போது மட்டம் இறங்கும். சாம்பலை ஈரப்படுத்தி அள்ள வேண்டும். டாம்பர்களை, அதாவது தீக்குக் காற்று விடும் கதவுகளை, மூட வேண்டும், குளிர்ந்த காற்று உள்ளே புகக் கூடாது. சிம்னிக்கு மூடி. கை பிரேக், சக்கரத்துக்குக் கட்டை.

அதன் பிறகு பதிவேடு. எங்கே கசிந்தது, எந்த ஆக்சில் சூடானது, எத்தனை டன் கரி, எந்தப் பெட்டியில் எந்த ஜன்னல் ஏறவில்லை என்று அன்றிரவே எழுதுங்கள். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்றால் பாதி மறந்துபோகும். தாத்தா தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்வார். போன பயணத்தின் பட்டியலில் ஏழு வேலைகள் இருந்தன. நான்கு முடிந்துவிட்டன. மீதி மூன்றும், மூன்றாம் பெட்டியின் இடப்பக்க இரண்டு ஜன்னல்களும் முன்சக்கர எண்ணெய்த் திரியும், வருகிற சனிக்கிழமைக்குக் காத்திருக்கின்றன. எட்டு மணிக்கு ஷெட் திறந்திருக்கும்.